அடைக்கலமும் இல்லக்கல்வியும்: கொல்லிமலையில் பிராண்ட் குடும்பத்தின் அன்றாட வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

1913ஆம் ஆண்டு கொல்லிமலையின் வாழவந்தியில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இணையர் தம் பிள்ளைகள் இருவருக்கும் இல்லத்திலேயே கல்வி புகட்டினர். மலைமக்களின் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தனர். இவ்வீட்டின் பாடநேரம், பிள்ளைகளின் வெளியுலா, வழிபாடு, வளர்ப்புறவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. 1918-19ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் பூசாரி ஒருவர் தம் பெண்மகவை இக்குடும்பத்திடம் ஒப்படைத்த நிகழ்வை மதமாற்ற வரலாற்றின் தொடக்கமாக மட்டும் காணாமல், ‘அடைக்கலம்’ என்னும் தமிழ் மரபுக் கருத்தாக்கத்தின் வழியே வாசிக்க இது முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: கொல்லிமலை, பிராண்ட் குடும்பம், இல்லக்கல்வி, வளர்ப்புப் பிள்ளை, அடைக்கலம், செவிலி.

முன்னுரை

தமிழாய்வில் கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஓரியின் வேட்டையைப் பாடிய வன்பரணரின் புறப்பாடலும் (புறம். 152), பாவையைச் சுட்டும் நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களும் இம்மலையை இலக்கிய நிலமாக நிலைநிறுத்திவிட்டன. அறப்பளீசுவரர் கோயிலும் அக்கோயிலை முன்னிறுத்தி எழுந்த அம்பலவாணக் கவிராயரின் சதகமும் பிற்கால ஆய்வுகளுக்குப் பொருளாயின. இருபதாம் நூற்றாண்டின் கொல்லிமலை, பழங்குடி ஆய்வாளர்க்கும் சிறுதானிய ஆய்வாளர்க்கும் உரியதாகப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுள்ளது. அம்மலையில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது, அவ்வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு படித்தனர், எவரை ‘அம்மா’ என அழைத்தனர் என்பன போன்ற வினாக்கள் தமிழ் ஆய்விதழ்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

பிராண்ட் குடும்பத்தைப் பற்றிய அடிப்படைச் சான்றுகள் மூன்று நூல்களில் உள்ளன. டொரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’ (1965) மகன் பால் பிராண்டின் வாழ்க்கை வரலாறு. அவரே எழுதிய ‘கிரானி பிராண்ட்’ (1976) தாய் ஈவ்லினின் வரலாறு. பால் பிராண்ட், பிலிப் யான்சியுடன் இணைந்து எழுதிய ‘பெயின்: த கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்’ (1993) என்னும் நூலின் முற்பகுதி கொல்லிமலைக் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்கிறது. மூன்றும் ஆங்கில நூல்கள். மூன்றும் கிறித்தவ வாசகர்களை முதன்மையாக நோக்கியவை. மகனின் நினைவும் அயல்நாட்டு வரலாற்றாசிரியரின் பரிவும் கலந்த இச்சான்றுகளில் கதை சொல்லும் இடத்தில் நிற்பவர் வளர்ப்பு மகள் ரூத் அல்லர். அவளைக் கையளித்த பூசாரியும் அல்லர். இதனை மனத்திற்கொண்டே இந்நூல்களை வாசிக்க வேண்டும். ஆயினும் அன்றாட வாழ்வின் நுண்விவரங்களை இந்நூல்கள் அளிக்கும் அளவிற்குப் பிற ஆவணங்கள் அளிப்பதில்லை.

தூண்களின் மேல் ஒரு வீடு

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பயின்றவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான குறுகியகாலப் பயிற்சி பெற்று இந்தியா வந்தார். ஈவ்லின் (பிறப்பு 1879) இலண்டன் வணிகக் குடும்பத்தில் தோன்றி ஓவியம் பயின்றவர். 1911இல் சென்னை வந்தவர். இருவரும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு அன்றே மலையேறினர். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. டோலியில் அமர்ந்து திருமண உடையோடு புறப்பட்ட மணமகள் சேறும் நீருமாய்ப் புதுவீடு சேர்ந்த செய்தியை வரலாற்றாசிரியர்கள் விரும்பி எழுதுகின்றனர். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும் மலைக்கு அன்று ஒற்றையடிப் பாதையே வழி என்பதை நினைவிற்கொண்டால் இச்செய்தியின் சுவையைவிட அதன் அருமை புலப்படும். அரிசியும் மருந்தும் மரப்பலகையும் மனிதத் தோள்களிலேயே மேலே வந்தன.

வீட்டை ஜெஸ்ஸியே மரத்தால் அமைத்திருந்தார். கறையான் ஏறாதிருக்கக் கல்தூண்களின் தலையில் இரும்பு வாணலி போன்ற தட்டுகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் வீட்டை நிறுத்தினார். 1914 சூலை 17ஆம் நாள் பால் பிறந்தார். பின்னர்த் தங்கை கோனி பிறந்தார். இவ்விரு பிள்ளைகளுக்கும் அவ்வீடே மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் வழிபாட்டிடமாகவும் விளங்கியது. பல் பிடுங்குவதற்கும், கட்டி கீறுவதற்கும், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பதற்கும் வந்தோர் முற்றத்தில் காத்திருந்தனர். இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளே நரம்புச் சிலந்திக்கு வாயில் என்பதைக் கண்ட தந்தை, கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பி வாளியால் நீர் இறைக்கும் முறையை வலியுறுத்தினார். குழந்தைகளுக்கு இவையெல்லாம் வியப்பல்ல, அன்றாடக் காட்சிகள். ஒருமுறை தொழுநோயாளர் சிலர் வந்தபோது மட்டும் தந்தை கையுறை அணிந்ததையும், அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாதெனத் தாய் தடுத்ததையும் பால் பிராண்ட் முதுமையிலும் மறக்கவில்லை. பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர் அவரே என்பது மருத்துவ வரலாறு அறிந்த செய்தி.

மரத்தின் மேல் பாடம்

அக்காலத்தில் தென்னிந்திய ஆங்கிலேய, அமெரிக்க ஊழியர்கள் தம் பிள்ளைகளின் கல்விக்கு இரு வழிகளைக் கைக்கொண்டனர். ஒன்று, மலைவாழிடப் பள்ளிகள்; நீலகிரியின் ஹெப்ரான் பள்ளி 1899இலும் கொடைக்கானல் பள்ளி 1901இலும் தொடங்கப்பெற்றன. மற்றொன்று, ஏழெட்டு அகவை வரை வீட்டில் கற்பித்துப் பின் தாய்நாட்டிற்கு அனுப்புதல். பிராண்ட் இணையர் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். கொல்லிமலையில் பாடநூல் கற்பிக்க ஈவ்லினைத் தவிர வேறு எவருமில்லை.

சிறுவன் பால் நாற்காலியில் அடங்கி அமரும் இயல்பினன் அல்லன். நான்கு சுவருக்குள் கணக்குப் போடச் சொன்னால் அவன் கண் சாளரத்திற்கு வெளியே இருந்தது. தாய் கண்ட தீர்வு எளியது: மரத்தின் மேல் ஏறிக் கிளையில் அமர்ந்து பாடம் எழுத இசைந்தார். எழுதி முடித்த தாளைக் கயிற்றில் கட்டி இறக்கினால், கீழே அமர்ந்திருக்கும் தாய் திருத்தி மீண்டும் மேலே அனுப்புவார். பிள்ளை ஓரிடத்தில் அமர வேண்டும் என்பதே கல்வியின் முதல் விதியாகக் கருதப்பட்ட காலத்தில் இத்தளர்வு எண்ணத்தக்கது. நம் திண்ணைப் பள்ளிகளிலோ, மணலில் விரல் தேய எழுதிய சிறுவர்க்குச் சட்டாம்பிள்ளையின் பிரம்பு எப்போதும் அருகிலேயே இருந்தது!

இதனை இன்றைய ‘இல்லக்கல்வி’ இயக்கத்தோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. இன்று பள்ளி இருந்தும் அதனை மறுத்து வீட்டில் கற்பிக்கின்றனர். அன்று பள்ளி இல்லாமையால் வீட்டில் கற்பித்தனர். 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு எழுந்துள்ள, பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரின் நிலை என்ன என்னும் விவாதம் 1920இன் வாழவந்தியில் எழ வாய்ப்பே இல்லை. எனினும் ஒரு கூறில் இரண்டும் ஒன்றே. கற்பிப்பவர் பெற்றோராக இருக்கும்போது பாடநேரம் எங்கே முடிகிறது, குடும்ப வாழ்வு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. ஈவ்லின் மாலையில் தூரிகை எடுத்து மலையின் ஒளியை வரைந்தபோது அருகிருந்த பிள்ளைகள் நிறங்களைப் பார்க்கக் கற்றனர். அதற்குப் பாடத்திட்டம் ஏதும் இல்லை.

நம் இலக்கிய மரபில் இதற்கு ஒரு முன்னுருவம் உண்டு. மணிமேகலையின் ஆபுத்திரன் பெற்ற தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசு பாலூட்டக் கிடந்தவன். அவனை எடுத்து வளர்த்த இளம்பூதி என்னும் அந்தணன் தானே ஆசானாகி மறை ஓதுவித்தான். எடுத்து வளர்த்தலும் இல்லத்தில் கற்பித்தலும் ஒரே ஆளிடம் கூடிய நிலை அது. வேள்விக்குரிய பசுவை ஆபுத்திரன் காத்தபோது ஊரோடு சேர்ந்து அவ்வளர்ப்புத் தந்தையும் அவனைத் துறந்தான் என்பது காப்பியத்தின் கசப்பான முடிச்சு. வளர்ப்புறவு எந்த அளவு வரை தாங்கும் என்னும் வினாவைச் சாத்தனார் அங்கே வைத்துவிட்டார்.

உலாவும் வயலும்

தந்தை ஜெஸ்ஸியின் வகுப்பறை வீட்டிற்கு வெளியே இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடக்கும்போது கறையான் புற்றைப் பிளந்து உள்ளறைகளைக் காட்டுவார். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையைக் காட்டுவார். தூக்கணாங்குருவிக் கூட்டின் பின்னலைக் காட்டுவார். இவையனைத்தையும் படைத்தவனின் கைத்திறனாகவே அவர் விளக்கினார். வழிபாட்டு நேரத்தில் சொல்லப்பட்டதற்கும் நடையில் சொல்லப்பட்டதற்கும் இடையே அவ்வீட்டில் வேறுபாடில்லை. பால் பிராண்டின் பிற்கால எழுத்துகள் உடலின் உயிரணுவையும் எலும்பையும் தோலையும் சமயப் பொருளாக்கிப் பேசுவதன் வேர் இந்நடைகளில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆயினும் பிள்ளைகளின் ஆசிரியர் பெற்றோர் இருவர் மட்டுமே என்று முடிவுகட்டுதல் பிழையாகும். 1980களில் மண்ணரிப்பு பற்றிப் பால் பிராண்ட் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குச் சான்று. ஆறு அகவை அளவில் மலைச் சிறுவர்களோடு நெல்வயலில் இறங்கித் தவளை பிடித்துக்கொண்டிருந்தான் பால். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல்கள். ஒவ்வொரு படியிலிருந்தும் வாய்க்கால் வழியே நீர் அடுத்த படிக்கு இறங்கும். சிறுவர்களின் ஆட்டத்தில் நாற்று மிதிபட்டது, சேறு கலங்கியது. அப்போது அணைகளையும் மடைகளையும் காக்கும் முதியவர் வந்தார். சமவெளியில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என வழங்கப்பெறும் பொறுப்புக்கு இணையானது அவருடைய பணி. ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் அவர் ‘தாத்தா’. பால் பிராண்ட் தம் ஆங்கிலக் கட்டுரையிலும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அவ்வாறே வைத்துள்ளார்.

முதியவர் அடிக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி, இது என்னவென்று வினவினார். சேறு என்றனர். எவருடைய சேறு என்று அடுத்து வினவினார். பிறகு கீழ்ப்படிக்கு வழிந்த நீரைக் காட்டினார். தெளிந்து ஓட வேண்டிய நீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்நிறம் வயலை விட்டுப் போகும் மண். போன மண் மலைக்குத் திரும்பி ஏறுவதில்லை. அம்மண் தம் பாட்டன் காலம் முதல் சோறிட்டது, இவர்களின் பேரர்க்கும் சோறிட வேண்டியது என்னும் பொருள்பட அவர் பேசினார். அத்துடன் பாடம் முடிந்தது. பல பதின்ம ஆண்டுகளுக்குப் பின் மலைக்கு வந்த மருத்துவர், படி வயல்கள் பல மண்ணிழந்து கிடப்பதைக் கண்டு வருந்தி இதனை எழுதினார்.

இந்நிகழ்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது. இல்லக்கல்வி பெறும் பிள்ளை சமூகத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது என்னும் குற்றச்சாட்டு எங்கும் கேட்பது. இங்கோ, வீட்டில் படித்த வெள்ளைக்காரச் சிறுவன் மலையின் மொழியைப் பேசினான், மலைச் சிறுவரோடு ஆடினான், மலை முதியவரின் கண்டிப்புக்கும் உட்பட்டான். பள்ளியின் மதிற்சுவர் இல்லாமையே அவனை ஊருக்குள் சேர்த்தது. கொடைக்கானல் விடுதியில் இருந்திருந்தால் அத்தாத்தாவை அவன் சந்தித்திருக்க மாட்டான்.

பூசாரியின் மகள்

குடியேறிய தொடக்க ஆண்டுகளில் மலைமக்கள் பிராண்ட் இணையரிடம் மருந்து பெற்றனர், சமயத்தைப் பெறவில்லை. மலையாளி மக்களின் சமூக அமைப்பு நாடு, ஊர்க்கவுண்டர், பூசாரி என உறுதியாகப் பின்னப்பட்டது. அதிலிருந்து ஒருவர் வழிபாட்டை மாற்றினால் கொடுக்கல் வாங்கல், மணவுறவு அனைத்தும் அறுந்துவிடும் அச்சம் இருந்தது. வாழவந்தியின் பூசாரி ஒருவரே எதிர்ப்பின் மையமாக நின்றார் என நூல்கள் கூறுகின்றன.

1918-19ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்ற நச்சுக்காய்ச்சல் மலையையும் எட்டியது. நோயுற்ற வீடுகளில் உலை வைக்க ஆளில்லை. உறவினரும் அணுக அஞ்சினர். பிராண்ட் இணையர் பெருங்கலங்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு சென்று ஊட்டினர். மருந்தில்லாத அந்நோய்க்கு அவர்களால் இயன்றது அவ்வளவே. பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். இறுதி நெருங்கியதை உணர்ந்த பூசாரி ஜெஸ்ஸியை அழைத்துவரச் செய்து, தம் பெண்குழந்தையை அவர்களே வளர்க்க வேண்டும் எனக் கையளித்தார். அக்குழந்தைக்கு ரூத் எனப் பெயரிட்டனர். பால், கோனி இருவருக்கும் ஒரு தங்கை கிடைத்தாள்.

கிறித்தவ வரலாற்று நூல்களில் இந்நிகழ்வு திருப்புமுனை. எதிர்த்தவரே இசைந்தார், அதன்பின் மலையில் திருச்சபை வளர்ந்தது என்பது அவற்றின் கதைப்போக்கு. நிகழ்வின் பின்விளைவு அதுவாகவே இருக்கலாம். ஆனால் இறக்கும் தந்தை ஒருவர் அந்த நேரத்தில் செய்த செயலுக்கு அதுவே பொருள் என்று கொள்ள வேண்டியதில்லை. தம் தெய்வத்திற்கு அவர் செய்த பூசையை அவர் மறுத்ததாகக் கருதுவதற்கு முன், தமிழ் மரபு இத்தகைய செயலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என நோக்குதல் வேண்டும்.

அப்பெயர் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அடிகள் சமணத் துறவி. மாதரி மாயவனை வழிபடும் ஆய்ச்சி. சமய வேறுபாடு அடைக்கலத்திற்குத் தடையாகவில்லை. ஏற்றவரின் தகுதி எது எனில், காப்பாற்றுவார் என்னும் நம்பகமே. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துச் சென்ற கபிலர், இருங்கோவேளிடம் அவர்களை அறிமுகம் செய்யும்போது, தாம் அவர்தம் தந்தையின் தோழர், ஆதலின் அவர்கள் தம் மகளிர் என்கிறார் (புறம். 201). குருதியும் குலமும் அங்கே அளவுகோல் அல்ல. தந்தையோடு தமக்கிருந்த தொடர்பே மகண்மையைத் தோற்றுவிக்கிறது. துளசித் தோட்டத்தில் கிடைத்த கோதையை மகளாய் வளர்த்த பெரியாழ்வாரை இவ்வரிசையில் சேர்க்காமல் விடலாகாது.

‘தத்து’ என்னும் சொல் வேறு திசையில் இயங்குவது. இந்து மரபுச் சட்டத்தில் அது முதன்மையாக மகனைக் குறித்தது. நீர்க்கடன் செய்யவும் சொத்தைத் தொடரவும் ஓர் ஆண்மகவு தேவை என்பதே அதன் அடிப்படை. பெண்ணைத் தத்தெடுத்தலை 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமே பொதுவாக ஏற்றது. கிறித்தவர்க்கோ 1918இல் தத்தெடுப்புச் சட்டமே இல்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக மட்டுமே அவர்கள் இருக்க முடிந்தது. எல்லாச் சமயத்தார்க்கும் திறந்த தத்தெடுப்பு முறையைச் சிறார் நீதிச் சட்டம் (2000, திருத்தம் 2006) கொணர்ந்தது. உச்ச நீதிமன்றம் அதனை 2014இல் உறுதிசெய்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் ரூத் பிராண்ட் குடும்பத்தின் மகள் அல்லள். அடைக்கலத்தின் மொழியில் அவள் மகளே. பூசாரி தம் மகளைக் கொடுத்தது சொத்துக்காகவோ நீர்க்கடனுக்காகவோ அன்று; உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு அவர் தேர்ந்தது ஒத்த சமயத்தாரை அல்ல. கஞ்சியோடு வாசலுக்கு வந்தவரை.

மதமாற்றம் எதுவும் இங்கு நிகழவில்லை என்பது இவ்வாசிப்பின் கருத்தன்று. குழந்தைக்கு விவிலியப் பெயர் சூட்டப்பட்டது. கிறித்தவ வீட்டில் வளர்ந்தது. ஏற்றவர்களின் பார்வையில் அது அருட்கொடை. கொடுத்தவரின் பார்வையில் என்னவாக இருந்திருக்கும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ரூத் என்னும் பெயர்த் தேர்வும் தற்செயலானதாகத் தோன்றவில்லை. விவிலியத்தின் ரூத், பிற இனத்தில் பிறந்து, பிறந்த ஊரை விட்டுத் தன் மாமியாரோடு ஒட்டி நின்றவள். அந்நூலிலும் உறவு என்பது பிறப்பால் வந்ததன்று.

பெற்ற பிள்ளைகள் தொலைவில்

1923ஆம் ஆண்டு பிராண்ட் இணையர் விடுப்பில் இங்கிலாந்து சென்றனர். இல்லக்கல்வி அத்துடன் நின்றது. ஒன்பது அகவைப் பாலையும் தங்கை கோனியையும் இலண்டனில் அத்தைமாரின் பொறுப்பில் விட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். மரக்கிளையில் கணக்குப் போட்டவன் கற்சுவர் வீட்டில் கால்மிதியில் காலைத் துடைத்து நடக்கப் பழக வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் இடம் இது. பிறர் பிள்ளைகளைக் கையேந்தி ஏற்றவர்கள் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து விட்டுவந்தனர். மலையில் வளர்ப்புப் பிள்ளைகளுக்கு ஈவ்லின் நாள்தோறும் தாய். தாம் பெற்றவர்க்கோ வாரக் கடிதத்தில் மட்டுமே தாய். இதனை அக்காலக் காலனிய ஊழியர் அனைவரின் வழக்கம் என்று விளக்கலாம். வழக்கம் என்பதால் வலி குறைந்ததாகக் கொள்ள இயலாது. அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் இருவேறு மாந்தர். பெற்றவள் ஒருத்தி, ஊட்டி வளர்த்து உடன் திரிபவள் மற்றொருத்தி. ஈவ்லின் என்னும் ஒருவரிடத்தே இவ்விரு நிலைகளும் இரு வேறு பிள்ளைக் கூட்டங்களை நோக்கிப் பிரிந்தன. கடலுக்கு அப்பால் இருந்தவர்க்கு அவர் நற்றாய். மலையில் இருந்தவர்க்குச் செவிலி. செவிலியின் பங்கே நாள் முழுவதற்கும் உரியது.

கடிதங்கள் அக்கல்வியின் எச்சமாகத் தொடர்ந்தன. ஜெஸ்ஸி மகனுக்கு எழுதியவற்றில் மலையின் மரங்களும் பூச்சிகளும் பருவமும் இடம்பெற்றன. நடைப்பாடம் தாள்பாடமாக மாறிற்று எனலாம். 1929 சூன் திங்களில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மறைந்தார். தந்தி உடனே இலண்டன் எட்டியது. கப்பலில் வந்துகொண்டிருந்த அவருடைய கடிதங்களோ அதன் பின்னரே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பதினைந்து அகவையை எட்டாத மகன், இறந்த தந்தையின் கையெழுத்தில் கொல்லிமலையின் செய்திகளைப் படிக்க வேண்டியிருந்தது. பால் பின்னர்க் கட்டடத் தொழில் பயின்று, தந்தை பயின்ற லிவிங்ஸ்டன் கல்லூரியில் பயின்று, மருத்துவராகி 1946இல் வேலூர் வந்தபோது, பயன்படாமல் கிடந்த குழந்தைப்பருவத் தமிழ் சிறிது சிறிதாக நாவில் மீண்டது. மரத்தடியில் கற்பிக்கப்பட்ட பாடங்களைவிட வயலில் பழகிய மொழி நெடுநாள் தங்கியிருந்தது போலும்.

அம்மா, பாட்டி

கணவரை இழந்த ஈவ்லின் இங்கிலாந்து சென்று மீண்டார். தனித்த பெண்ணாக மலையில் தங்க ஊழிய அமைப்பு எளிதில் இசையவில்லை. 1947இல் அகவை 68 எனக் காட்டி ஓய்வு அளித்தனர். ஓய்வு பெற்றவர் தம் விருப்பப்படி எங்கும் வாழலாம் அல்லவா! அவர் மலைக்கே சென்றார். கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி முதலிய மலைகளில் குதிரையிலும் டோலியிலும் திரிந்து, பின்னர் மூங்கிற்கோல் இரண்டை ஊன்றி நடந்து, 1974 திசம்பர் 18ஆம் நாள் 95 அகவையில் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்பிற்காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள் ரூத்தைப் போன்றவர் அல்லர். பூசாரி தம் மகளைக் கையளித்தார். இவர்களோ பெரும்பாலும் நோயாலும் பசியாலும் கைவிடப்பட்டவர்கள். முன்னதில் கொடுப்பவர் ஒருவர் நின்றார், பின்னதில் எவருமில்லை. இவ்வேறுபாட்டை வாழ்க்கை வரலாறுகள் போதிய அளவு கருதவில்லை. திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் 1901 முதல் ஏமி கார்மைக்கேல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஏற்றபோது, அது விரைவில் விதிகளும் பணிப்பங்கீடும் கொண்ட இல்லமாக வளர்ந்தது. அங்கும் ‘அம்மா’ என்பதே அவருக்கு விளிப்பெயர். ஈவ்லினின் வீடு அவ்வாறு நிறுவனமாகவில்லை. எண்ணிக்கை சிறிதாக இருந்ததும், தலைவியே ஊர் ஊராகத் திரிந்ததும் காரணங்களாகலாம். இதனால் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளியும் பதிவேடும் குறைந்தன. ஆனால் வீடு வீடாகவே நின்றது. எது சிறந்தது என ஒரு சொல்லில் தீர்ப்பளிக்க நான் முனையவில்லை. பதிவேடு இருந்த டோனாவூரைப் பற்றி இன்று எழுதுதல் எளிது, வாழவந்தியைப் பற்றி எழுதுதல் கடினம் என்பது மட்டும் உறுதி.

ஈவ்லின் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து, 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசின் தொட்டிலில் இடுமாறு பெற்றோரைக் கேட்ட அத்திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை கொல்லிமலையும் அச்சேலத்துக்குள்ளேயே இருந்தது. தொட்டிலில் இடுபவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எடுப்பவர் எவரென்று அறிய வழியுமில்லை. 1918இல் வாழவந்தியின் பூசாரி, குழந்தையை எவரிடம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து, அவரைப் பெயர் சொல்லி அழைத்துவரச் செய்து, முகம் பார்த்துக் கொடுத்தார்.